இரண்டு கார் சேல் கடைகளை மோதவிட்டால் விலை இறங்குமா? (யாழ்ப்பாணம்)

கேள்வி: சுன்னாகம் தம்பி | 26 ஜூலை 2025

கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிற அண்ணா லீவில் வந்து நிற்கிறார். நான் கார் எடுக்கப் போகிறேன் என்றதும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். ஐந்து கடைக்கு ஒரே நேரத்தில் மின்னஞ்சல் போடு, ஒருவன் தந்த விலையை மற்றவனுக்குக் காட்டு, தாங்களாகவே இறங்கி வருவார்கள் என்கிறார். எனக்கு டொயோட்டா ரைஸ் அல்லது சுசுக்கி வாகன்ஆர் எடுக்க எண்ணம். அண்ணாவின் முறை இங்கே சரிவருமா? அண்மையில் எடுத்த ஆட்கள் சொல்லுங்கள்.

பதில்: 26 ஜூலை, இரவு

நான் இன்னும் எடுக்கவில்லை, எடுக்கிற அலைச்சலில்தான் நிற்கிறேன். அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

மோதவிடலாம், ஆனால் அண்ணா சொல்கிற மாதிரி இல்லை. ரொறன்ரோவைச் சுற்றி ஒரே டொயோட்டாவை விற்கப் பல டீலர்கள், ஒவ்வொருவரும் தனி முதலாளி. ஒரே மொடல், ஒரே நிறம். ஒன்ராறியோவில் விளம்பரம் செய்கிற விலைக்குள் டீலரின் எல்லாக் கட்டணமும் அடங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எச்எஸ்டி வரியும் லைசன்ஸ் காசும் மட்டும்தான் அதற்கு மேல். ஆகவே இரண்டு விலையை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

இங்கே ஒரு பிராண்டுக்கு ஒரு ஏஜென்ட். டொயோட்டா என்றால் டொயோட்டா லங்கா, பிவைடி என்றால் ஜோன் கீல்ஸ் சிஜி ஓட்டோ. ஏஜென்டின் ஒரு கிளையில் நின்றுகொண்டு மற்றக் கிளையில் குறைத்துத் தருகிறார்களாம் என்றால் அந்தப் பெடியன் சிரிப்பான். நீங்கள் கேட்கிற ரைஸ், வாகன்ஆர் எல்லாம் பெரும்பாலும் கார் சேல்காரர் ஜப்பானிலிருந்து இறக்குவது. விலையில் அசைவு இருக்கிற இடம் அதுதான்.

27 ஜூலை

மறந்துபோன ஒன்று. இது ஆடி மாதம். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆடியில் புது வாகனம் எடுக்க மாட்டார்கள். கண்டி வீதியில் நேற்று ஒரு சேலுக்குள் போனேன், எங்களைத் தவிர ஒரு குருவி இல்லை. முதலாளியே எழும்பி வந்து கதவைத் திறந்துவிட்டார், சோடா வந்தது, ஏசி போட்டார்கள். விலை கதைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. விலையை இப்போது முடித்து, எழுத்தில் வாங்கி, ஆவணியில் வண்டியை எடுங்கள்.

'வெள்ளிக்கிழமை நல்ல நாள், அதுக்குள்ள சொல்லுங்கோ' என்று அவர்கள் நாளைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். நல்ல நாள் அடுத்த கிழமையும் வரும்.

27 ஜூலை, பின்னேரம்

கோண்டாவிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், மின்னஞ்சலுக்கு யாராவது பதில் போடுவார்களா என்று. ஒருவரும் போட மாட்டார்கள். வட்ஸ்அப்பில் கேட்டால் படம் வரும், குரல் பதிவு வரும், விலை மட்டும் வராது. 'நேரில வாங்கோ அக்கா, பாத்துச் செய்யலாம்.'

2 ஓகஸ்ட்

இன்றைக்கு நடந்ததை எழுதினால்தான் நித்திரை வரும்.

கொக்குவில் பக்கம் ஒரு சேலில் வெள்ளை ரைஸ் ஒன்றின் படமும் ஒக்ஷன் ஷீட்டும் (ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதுகிற தாள்) வாங்கி வைத்திருந்தேன். வண்டி கொழும்பில் நிற்கிறது, முற்பணம் கட்டினால் கொண்டுவந்து தருவோம் என்றார்கள். இன்றைக்குக் கண்டி வீதியில் இன்னொரு இடத்தில் அதே மொடலுக்கு இரண்டு இலட்சம் கூடுதலாகக் கேட்டார்கள். 'அங்க அப்பிடித்தான் குடுப்பாங்கள், வண்டி சரியில்லை, எங்கட கிரேட் வேற' என்றார் இருந்தவர். ஷீட்டைக் காட்டச் சொன்னேன். தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். கிரேட் 5, உள்பக்கத்துக்குக் கிரேட் ஏ, முன் பம்பரின் இடது மூலையில் ஏ1 என்று ஒரு சின்னக் கீறல். அந்தக் கீறலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று என் தொலைபேசியைத் திறந்தேன். கீறல் அதே மூலையில். செசி இலக்கத்தின் (வண்டிக்கு வண்டி வேறுபடுகிற அடையாள எண்) கடைசி எண்களும் அதேதான்.

கார் ஒன்று. கொழும்பில் ஒருவர் பெயரில் நிற்கிறது. இங்கே இரண்டு கடை அதற்குத் தங்கள் தங்கள் கொமிஷனை ஏற்றி விற்கிறது. 'அவங்கட வண்டி சரியில்லை' என்று அவர் சொன்னது தன்னுடைய வண்டியைத்தான்.

நான் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு தொலைபேசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மனிதர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெளியே போய் யாருடனோ சிங்களத்தில் கதைத்தார். திரும்பி வந்தபோது மூன்றரை இலட்சம் குறைந்திருந்தது.

3 ஓகஸ்ட்

நேற்றையதைப் பற்றி யோசித்ததில் ஒன்று. மூன்றரை இலட்சம் இறங்கியது இரண்டு கடையும் போட்டி போட்டதால் இல்லை. கார் யாருடையது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் இறங்கியது. இனி எங்கே போனாலும் முதல் கேள்வி: 'வண்டி சுங்கத்தில உங்கட பேரில கிளியர் பண்ணினதா, வேற ஆக்களின்ரயா?' சொந்தமாக இறக்கியவர் என்றால் பேரம் அவருடைய இலாபத்தோடு. தரகு என்றால் பேரம் கொமிஷனோடு மட்டும். அதில் ஓரளவுக்குக் கீழே அவராலும் போக முடியாது.

செசி இலக்கம் தர மறுக்கிற கடையில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3 ஓகஸ்ட், சற்றுப் பிறகு

மானிப்பாய் ஐயா கேட்டார், ஏ1 என்றால் என்ன என்று. ஜப்பான் ஏல ஷீட்டில் காரின் படம் வரைந்து குறி போட்டிருக்கும். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திப் பெயின்ட் அடித்த அடையாளம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றியது. பக்கத்தில் உள்ள எண் கூடக்கூடச் சேதம் பெரிது. கிரேட் இருக்கிற இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி. ஷீட்டின் படத்தை மட்டும் நம்பாமல் இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் நீங்களே காசு கட்டிச் சரிபார்க்கலாம். ஷீட்டிலும் திருத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

9 ஓகஸ்ட்

இரகசியமாகப் பேரம் பேசலாம் என்று நினைக்கிறவர்களுக்கு. இன்றைக்குக் காலை ஸ்டான்லி வீதியில் ஒரு கடையில் ஏறிக் கதிரையில் இருக்க முதல், 'அக்கா, நீங்கள் கொக்குவிலுக்கும் போனியளாம்' என்றார்கள். இது யாழ்ப்பாணம். கடைக்காரர் எல்லோரும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள் போலும். ஆகவே இல்லாத விலையை இருக்கிறதாகச் சொல்லி மிரட்டுகிற வேலை இங்கே எடுபடாது. ஒரு அழைப்பில் பிடிபடும். உண்மையான விலையைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பதுதான் நல்லது.

இன்னொரு கரைச்சல். கணக்கு எழுதுகிறவள் நான், காசு என்னுடையது, ஓட்டப் போகிறதும் நான். ஆனால் விலை சொல்லும்போது எல்லோரும் என் தம்பியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அவனுக்குக் காரில் தெரிந்தது பாட்டுப் போடுகிறது மட்டும். முதலில் கோபம் வந்தது, பிறகு அதையே பயன்படுத்தினேன். அவன் தலையை ஆட்டாமல் இருக்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது, அவ்வளவுதான். விற்கிறவர் அவனுடைய முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே இறங்கினார்.

10 ஓகஸ்ட்

சுன்னாகம் தம்பி இரண்டு விலையைப் போட்டு எது மலிவு என்று கேட்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு விடயம் தம்பி. முதலாவது பதிவுச் செலவு இல்லாமல். இரண்டாவதில் பதிவு இருக்கிறது, காப்புறுதி இல்லை, ஆனால் 'ஃபுல் ஒப்ஷன்' என்று மிதியடி, கதவு வைசர், ரிவர்ஸ் கமரா, செரமிக் கோட்டிங் எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பதிவு முடித்து என் கையில் திறப்புத் தரும் வரை மொத்தம் எவ்வளவு? கடிதத் தலைப்பில், செசி இலக்கத்தோடு, திகதியோடு எழுதி வாங்குங்கள். டொலர் ஏறினால் விலை மாறும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வசனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி ஏற்கனவே துறைமுகத்தை விட்டு வந்துவிட்டதென்றால் அந்த வசனத்துக்கு அங்கே வேலை இல்லை, வெட்டச் சொல்லுங்கள்.

இலவசமாகத் தருகிறோம் என்கிற சாமான்களுக்குப் பதிலாகக் காசைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது அவற்றின் உண்மையான பெறுமதி தெரியும்.

10 ஓகஸ்ட், இரவு

விலை ஏன் பெரிதாக இறங்காது என்று ஒருவர் கொதித்திருக்கிறார். விலையில் பெரும்பங்கு வரி. 2025இல் சுங்க இறக்குமதி வரி 20 வீதம், அந்த வரிக்கு மேல் அதன் அரைவாசி மேலதிக வரி, பிறகு இயந்திரக் கொள்ளளவைப் பார்த்துப் போடுகிற உற்பத்தி வரி, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஐந்து வருடம் காய்ந்து கிடந்த சந்தை. ஒரு கோடிக்கு மேல் போகிற காரில் பத்து இலட்சம் குறைப்பேன் என்று கிளம்பினால் வெறுங்கையோடுதான் வருவீர்கள்.

ஆனால் அதே 2025 விதிகளில் வாங்குகிறவருக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. இறக்கிய வண்டியைச் சுங்கத்தில் எடுத்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் சிஐஎஃப் பெறுமதியில் (வண்டி விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்தது) மாதத்துக்கு 3 வீதம் தண்டம். ஆகவே சுங்கப் பத்திரத்தின் திகதியைக் கேளுங்கள். போன கிழமை வந்த வண்டிக்கு விலை இறங்காது. இரண்டரை மாதமாக நிற்கிற வண்டிக்காரர் இரவில் நித்திரை கொள்ள மாட்டார்.

11 ஓகஸ்ட்

கொழும்பில் மலிவாமே? மலிவுதான். குருநாகல் பக்கம் இன்னும் மலிவு என்றும் சொல்கிறார்கள். ஆனால் பதிவில்லாத காரை ஏ9 வீதியால் ஓட்டி வர முடியாது. கரியர் லொறியில் ஏற்ற வேண்டும், அல்லது அங்கேயே பதிவு முடிய நின்று 400 கிலோமீற்றர் அளவு ஓட்டி வர வேண்டும். போகவரச் செலவு, லீவு, தங்குகிற இடம். பிறகு ஏதாவது பிரச்சினை என்றால் அந்த மனிதரை எங்கே தேடுவது? நான் கொழும்பு விலையை எழுதி வாங்கினேன், இங்கே காட்டுவதற்கு. கொக்குவில்காரருடன் கதைத்ததைவிட அந்த ஒரு தாள்தான் அதிகம் வேலை செய்தது.

18 ஓகஸ்ட்

ஆவணி பிறந்துவிட்டது, கடைகளில் சனம். ஆடியில் எழுத்தில் வாங்கிய விலையைக் கொண்டுபோனேன். 'அது ஆடி விலை அக்கா' என்று ஒரு பகிடி விட்டுப் பார்த்தார்கள். திகதியையும் கையெழுத்தையும் காட்டியதும் பகிடி நின்றது.

19 ஓகஸ்ட்

லீசிங், அதாவது தவணைக்கு வண்டி எடுக்கிறது. இதை ஆறுதலாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் ஆட்கள் காசை விடுகிற இடம் இதுதான்.

விலை கதைத்து முடிகிற கட்டத்தில் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: 'காசா, லீசிங்கா?' லீசிங் என்றால் முகம் மலரும். லீசிங் கொம்பனி அவருக்குக் கொமிஷன் கொடுக்கிறது. எனக்குச் சொன்னது இது: எங்கள் ஆளிடம் லீஸ் போட்டால் இன்னும் ஒரு இலட்சம் குறைக்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. அவருடைய ஆளின் வட்டி, வங்கி எனக்குச் சொன்னதைவிட ஃப்ளாட் கணக்கில் 1 வீதம் கூட. 50 இலட்சம் கடன், ஐந்து வருடம். அந்த 1 வீதம் மட்டும் இரண்டரை இலட்சம். ஒரு இலட்சத்தைக் கையில் தந்துவிட்டு இரண்டரையை எடுக்கிறார்கள்.

ஃப்ளாட் வட்டியிலும் கண் வேண்டும். 8 வீதம் ஃப்ளாட் என்றால், 50 இலட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 20 இலட்சம், மாதத் தவணை 116,667 ரூபா. கடன் ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டு போகிறது, ஆனால் வட்டி முழுத் தொகைக்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குப் போடுகிற வங்கி வட்டியாகப் பார்த்தால் அது வருடத்துக்கு 14 வீதத்துக்குச் சற்று மேல். யாராவது '8 தான் அக்கா, வங்கி 13 கேக்குது' என்றால், வங்கிதான் மலிவு.

ஆகவே காரின் விலையை முதலில் முடியுங்கள். எழுதி வாங்கிய பிறகு லீசிங். பழைய கார் கொடுத்து மாற்றுவது அதற்கும் பிறகு. மூன்றையும் ஒரே மேசையில் கலந்தால் எங்கே குறைந்தது, எங்கே ஏறியது என்று கணக்குப் பிள்ளைக்கும் பிடிபடாது.

19 ஓகஸ்ட்

ஒரு வாசகர்: 'இவ்வளவு கரைச்சல் எதுக்கு, சைக்கிள் போதும்.' உண்மை.

23 ஓகஸ்ட்

அச்சுவேலி ஐயா பழங்கதை எடுத்துவிட்டார், என்னாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ஒஸ்ரின் ஏ40 நின்றது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் தங்கம். போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து ஸ்டார்ட் ஆக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார்கள். பின்னால் புகை முழு ஒழுங்கையையும் மூடும். அதை என் பெரியப்பா வாங்கியபோது பேரமே நடக்கவில்லையாம். விற்றவர் ஒரு விலை சொன்னார், பெரியப்பா ஒரு நாள் கதைக்காமல் இருந்தார், அடுத்த நாள் விற்றவரே வீட்டுக்கு வந்தார்.

என் தம்பியின் முகம் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது.

30 ஓகஸ்ட்

எடுத்துவிட்டேன். ரைஸ், வெள்ளை இல்லை, சாம்பல். சொந்தமாக இறக்கிய ஒருவரிடம், சுங்கத்தில் எடுத்து 90 நாள் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்த வண்டி. முதலில் சொன்ன விலையிலிருந்து நான்கு இலட்சம் குறைந்தது. கடன் என் வங்கியில். மிதியடி மட்டும் இனாம், அதுவும் மணக்கிறது.

வெள்ளை ரைஸுக்கு முற்பணம் கட்டாதது புண்ணியம். இன்னொருவர் அதே கடையில் கட்டி, வண்டி வேறு ஆளுக்குப் போன பிறகு காசைத் திருப்பி எடுக்க அலைகிறார் என்று கேள்விப்பட்டேன். முற்பணம் கட்டுவதென்றால், இந்தச் செசி இலக்கம் உள்ள வண்டி இந்தத் திகதிக்குள் கிடைக்காவிட்டால் முழுக் காசும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

31 ஒக்டோபர்

இந்த இழையை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பழைய காரை விற்க, நான் புதுசு பார்க்கப் போன ஒரு சேலுக்கே போனேன். ஓகஸ்டில் அங்கே இருந்தவர் சொன்னது: 'இப்ப எடுங்கோ அக்கா, பட்ஜெட்டுக்குப் பிறகு விலை ஏறும்.' இன்றைக்கு என் பழைய காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே மனிதர், அதே கதிரையில்: 'இப்ப குடுங்கோ அக்கா, பட்ஜெட்டுக்குப் பிறகு விலை விழும்.'

அவருக்கு விற்கவில்லை. கோப்பாயில் ஒரு ஆசிரியர் வந்து பார்த்து, கடை சொன்னதைவிட நல்ல விலைக்கு எடுத்தார். பழையதைக் கடைக்குக் கொடுப்பதென்றால் குறைந்தது நேரடி விலை ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2 நவம்பர்

சுன்னாகம் தம்பிக்கு. கிளிநொச்சியில் ஒருவர் வாகன்ஆர் தருகிறார், சுங்கத்தில் எடுத்து எண்பது நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். நல்ல பிடி. ஆனால் அவருடைய அவசரம் உங்களுடைய அவசரமாக மாறக்கூடாது. பத்து நாளில் பதிவு முடியாவிட்டால் தண்டம் யாருடையது என்று இப்போதே எழுதுங்கள். அப்புறம், உங்களிடம் டின் இலக்கம் (வரி செலுத்துவோர் இலக்கம்) இருக்கிறதா? 2025 ஏப்ரலிலிருந்து கார் பதிவுக்கு அது கட்டாயம். இல்லையென்றால் நாளைக்கே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள், வந்த பிறகு முற்பணம் கட்டலாம்.

அண்ணா கனடாவிலிருந்து இன்னும் மின்னஞ்சல் போடச் சொல்கிறாரா?